டார்ச் பிடிக்க ஆளில்லை

அன்புள்ள வெர்னா,

முழங்கால் வலி குறைந்ததா? இந்த நெவாடா சுரங்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மான் வேட்டைக்குத் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்ளலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை என் அறை மேசையில் தோட்டா நிரப்பும் கருவியைப் பூட்டினேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் ஐம்பதைத் துளை போட்ட மரக்கட்டையில் நிறுத்தி, வெடிமருந்து போட ஆரம்பித்தேன். பயப்படாதே, ஒரே ஒரு கூட்டில்தான் இரண்டு முறை போட்டுவிட்டேன். குண்டு பொருத்துவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது.

நம் சமையலறையில் நான் மருந்து போடப் போட, நீ டார்ச் அடித்து ஒவ்வொரு கூடாக எட்டிப் பார்ப்பாயே. நான் பேச்செடுத்தால் போதும், "வாயை மூடிட்டு ஊத்து, ஆர்லோ! துப்பாக்கி வெடிச்சா போறது உன் மூஞ்சி. தினம் அதைப் பாக்கப்போறது நான்" என்பாய். இங்கே அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்படியும் தப்பு வந்துவிட்டது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அந்தச் சின்ன டார்ச்சையும். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

அன்றைக்கே மருந்தையெல்லாம் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட்டேன். ஐம்பது கூடும் காலியாக நிற்கின்றன. டார்ச்சைத் தபாலில் போடாதே, வெர்னா. நீயே எடுத்துக்கொண்டு வா.

உன் ஆர்லோ