சிவப்புக் குறி போட்ட கல்

1958 ஜூலை 6, ஞாயிறு

வாரம் முழுதும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் போய்க் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். ஞாயிறானால் நத்தம் பஸ். இடிந்த கோயிலின் தெற்குச் சுவரில், விளக்குக்கு நெய் ஊற்ற ஓர் இடையனிடம் தொண்ணூறு ஆடு ஒப்படைத்த கல்வெட்டு. ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, கிழடாகாத ஆடு. சரித்திரக்காரர்கள் பக்தி என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நைனா முகமது பாயின் தோல் பதனிடும் ஷாப்பில் ஏழு வருஷம் கணக்குப் பார்த்தவன் அப்படி நகர முடியுமா? செத்த ஆட்டை யார் தலையில் எழுதினார்கள்?

ஜூலை 20

கிடைத்துவிட்டது. பஞ்சத்தில் செத்த ஆடுகளை ஆறு வருஷத்தில் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டச் சொல்கிறது கல். முதல் குறையக்கூடாது, நஷ்டத்தைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். நான் வகுப்பில் கத்துவதை எண்ணூறு வருஷம் முன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள். என் டாக்டர் பட்டம் இந்த ஒரு சுவரில்தான் நிற்கிறது.

படித்து முடித்த கல்லில் எல்லாம் காவிக்கட்டியால் ஒரு குறி போட்டேன். ஆடிட் பழக்கம், கை சும்மா இருப்பதில்லை.

ஆகஸ்ட் 3

காய்ச்சல். போகவில்லை. எழுத்தை ஒற்றி மைப்படி எடுப்பதற்காகச் சொல்லியிருந்த காகிதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10

தெற்குச் சுவர் இல்லை.

திருப்பணிக்கு வந்த கல்தச்சர் சங்கிலி பதறிப்போய் நின்றார். “செவப்புக் குறி போட்டா கழிச்ச கல்லுங்க சார். எங்க மேஸ்திரி போட்டதுன்னுல்ல நெனச்சேன். ஒடச்சு அஸ்திவாரத்துல போட்டாச்சே.”

அவரை என்ன சொல்ல? எங் கையாலயே கெடுத்துட்டேனே. எனக்கு எதுக்கு அங்க குறி — யாரு கேட்டா?

ஆகஸ்ட் 11

“கல்லுதான போச்சு, எந்திரிச்சு சாப்பிடுங்க” என்றாள் சிவனம்மாள். என் மனைவிக்கு எப்படிப் புரியவைப்பேன்?

1960 மார்ச் 14

சென்னையில் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் நல்ல மனிதர். நான் கையால் எழுதிக்கொண்ட படியைப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “நீங்க ஆடிட் பண்ணினவர். எழுதினவர் நல்லவர்ங்கிறதுக்காக வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்குவீங்களா?”

மழுப்பியிருக்கலாம். “ஒத்துக்க மாட்டேன்” என்றேன்.

மார்ச் 15

ரயில் திண்டுக்கல்லைத் தாண்டியதே தெரியாமல் கொடைரோட்டில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

ஜூன் 20

பட்டம் இல்லாததால் கல்லூரியில் வேலை நீடிக்கவில்லை. பாய் ஒன்றும் விசாரிக்காமல், “உங்க நாற்காலி அங்கனயேதான் கெடக்கு, வாங்க” என்றார். இன்று சேர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சிவனம்மாள் கேட்டாள்: “அப்ப இனிமே ஞாயித்துக்கெழம வீட்டுலதான இருப்பீக?”

இருப்பேன் என்றேன். சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைக்கட்டும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.