ஒன்பது நாள் குறை

3 மார்ச் 2025, திங்கள்
இன்று ஊர்க்கூட்டம். நர்ஸ் ஆனந்தி ஒரு யோசனை சொன்னாள், ஊர் ஒத்துக்கொண்டது. முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் சுகரும் பிரஷரும் பார்த்து முடிக்கிற தெருவின் முளைப்பாரிதான் பங்குனிப் பொங்கலுக்கு முதலில் போகும். ஒரு ஆள் குறைந்தாலும் கிடையாது. மூன்று வருடமாக முகாம் போட்டும் எட்டிப் பார்க்காத சனம், முளைப்பாரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. கெட்டிக்காரிதான்.

எங்கள் கீழத்தெருவுக்குப் பொறுப்பு சோலைமுத்து. "இந்த வருசம் நம்ம தெருதான்யா மொதல்ல" என்று மார்தட்டினான்.

ஒரு ஆள் குறைந்தாலும் கிடையாது. வீடு வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

4 மார்ச்
நான் பார்க்க மாட்டேன்.

9 மார்ச், ஞாயிறு
"ஏன் மாமா இம்புட்டு வீம்பு?" என்று பவித்ரா கேட்டாள். என் மருமகளுக்கா தெரியாது? போன வருடம் தெருமுனையில் அவள் தலையிலிருந்த பாரியை இறக்கச் சொன்னவனே அந்த சோலைமுத்துதான். "சாவு வீடு. வருசம் திரும்ப ஒம்பது நாள் குறையுது" என்றான். என் மனைவி சின்னக்கண்ணுக்குத் திதி கொடுத்து அன்றைக்கு மூன்று நாள். திதி முடிந்தால் வருடம் முடிந்தது. மடையன், இறப்புச் சான்றிதழில் இருந்த இங்கிலீஷ் தேதியை வைத்து எண்ணினான்.

முப்பத்தொரு வருடம் அவள் விரதமிருந்து வளர்த்த பயிர். அவள் பேரில் போட்ட பாரியை நடுத்தெருவிலிருந்து நான் திருப்பித் தூக்கிவந்தேன். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பய வாய் திறக்கல. இப்ப என்னையப் பாக்கட்டும்.

17 மார்ச்
சோலைமுத்து வாசலில் வந்து நின்றான். "மச்சான், ஒரு சொட்டு ரத்தம். அம்புட்டுத்தான்."

"ஒம்பது நாள் கழிச்சு வா" என்றேன்.

கால் பெருவிரல் புண் இன்னும் ஆறவில்லை. சின்னக்கண்ணுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அது வேறு, இது வேறு.

26 மார்ச், புதன்
சொன்ன கணக்குக்கு இன்று ஒன்பதாம் நாள். அவன் வரவில்லை. ஆனந்திதான் வந்தாள். கெஞ்சவில்லை. கையில் இருந்த பட்டியலைக் காட்டினாள். கீழத்தெருவில் பாக்கி இரண்டே பேர். ஈஸ்வரன் — நான். இன்னொன்று?

சோலைமுத்து.

"எல்லாரையும் கூட்டியாந்தாரு. அவரு முறை வந்தா மட்டும் வேலை இருக்குன்னு நழுவிருறாரு" என்றாள்.

பயந்தாங்கொள்ளி. நான் பார்க்காவிட்டால் பழி என் தலையில். பார்த்துவிட்டால்? ஏலே, மாட்டுனியா.

30 மார்ச், ஞாயிறு
முளைப்பாரி போடும் நாள். கெடுவும் இன்றோடு சரி. பெண்கள் ஊறவைத்த பயறோடு கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் விரலை நீட்டினேன். "முன்னூத்தி நாப்பது" என்றாள் ஆனந்தி மெதுவாக. அது எனக்கு உறைக்கவே இல்லை.

"இன்னொரு பேரு பாக்கியாமே, யாருத்தா அது?" என்று உரக்கக் கேட்டேன்.

எல்லோரும் சோலைமுத்துவைப் பார்த்தார்கள். "வாரேன், செத்த நேரம்" என்றான்.

"இன்னும் ஒம்பது நாளாகுமா சித்தப்பா?" — கேட்டது பவித்ரா.

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். பிரஷர் பார்த்த ஆனந்தி இன்னொரு தடவை காற்றடித்தாள். பிறகு 108-ஐக் கூப்பிட்டாள். சிரித்தவர்களில் கடைசியாக நிறுத்தியவன் நான்.

1 ஏப்ரல்
திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டானாம். நாலு நாள் விட்டிருந்தால் கை கால் விழுந்திருக்குமாம். எனக்கும் மாத்திரை, தினமும் புண்ணுக்குக் கட்டு.

அவன் போயிட்டா நான் யார்கூட மல்லுக்கட்டுறது?

8 ஏப்ரல், செவ்வாய்
கீழத்தெருதான் முதலில் போனது. பெண்கள் தாங்களாகவே பவித்ராவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். சின்னக்கண்ணு பேரில் போட்ட பாரி, முழ உயரம்.

தெருமுனையில், அதே இடத்தில், சோலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் கையைக் காட்டி ஊர்வலத்தை நிறுத்தினேன். அவனைப் பார்த்து ஒன்று முதல் ஒன்பது வரை வாய்விட்டு எண்ணினேன். கொட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். ஏழு எண்ணும்போது அவன் எழுந்தான். தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டினான்.

இருந்தும் ஒன்பதையும் எண்ணித்தான் விட்டேன்.

14 ஜூலை, திங்கள்
புண் ஆறிவிட்டது. சுகர் நூற்று நாற்பது.

ஆனந்தி சொன்னபடி காலையில் கண்மாய்க்கரையில் நடக்கிறோம். நான் முன்னால், அவன் பின்னால். பேச்சு கிடையாது. மன்னிப்பும் கிடையாது.

இன்று பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. மதகு வரை போனவன் திரும்பினேன். அவன் வீட்டுக் கதவைக் கைத்தடியால் தட்டினேன்.

"ஏலே, எந்திரி. நீ நெனச்ச நேரத்துக்கெல்லாம் சாக முடியாது."