பதினேழாம் தேதி நேர்காணல்

6 அக்டோபர் 2025, திங்கள்

புதிய கட்டுரை வந்தது. தொண்ணூற்று நான்கு பக்கம், நானூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்பு. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க விசா அதிகாரி யாருக்காவது விசா மறுத்தால், ஏன் மறுத்தாய் என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை என்றொரு பழைய கோட்பாடு. அதை வைத்திருக்கலாமா, ஒழிக்கலாமா என்று அங்கே வாதம் நடக்கிறது. ஒழிக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். நான் எந்தப் பக்கமும் சேர வேண்டியதில்லை. மேற்கோள் மூலத்தில் உள்ளபடி இருக்கிறதா, பக்க எண் சரியா, ஆண்டு சரியா. அவ்வளவுதான் என் வேலை. கல்லூரியில் முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பதினோரு வருடமாக அமெரிக்கச் சட்ட இதழ்களுக்கு வீட்டிலிருந்தே இதைச் செய்கிறேன். போன வாரம், போலீஸ் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல்வரை வரலாமா என்பது. அதற்கு முந்தின வாரம், விசாரணையில் நேர்ந்த பிழை தீர்ப்பை மாற்றியிருக்காது என்று நீதிபதி நினைத்தால் அந்தப் பிழையை அப்படியே விட்டுவிடலாமா என்பது. இரண்டு தரப்பையும் படிக்கிறேன். இரண்டும் சரி என்றே படுகிறது. இது என் கோளாறு.

நாற்பதாவது குறிப்பு வரும் இடத்தில் வாதமே இடிக்கிறது என்று சுலோசனாவிடம் போனில் சொன்னேன். கம்பெனியில் எனக்கு மேல் இருப்பவள். "சார், ஆர்க்யூமென்ட்டுக்குள்ள போவாதீங்க சார். ஃபுட்நோட்டோட நின்னுக்குங்க" என்றாள். நின்றுகொண்டேன்.

மனைவி ஆனந்தமேரிக்கு முதுகுவலி இன்னும் விடவில்லை. சோறும் பாதிதான்.

9 அக்டோபர்

மேரிக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

15 அக்டோபர், புதன்

கணையம். ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் சின்னப் பெண். என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மூணு மாசம். மேல போனா இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாங்கய்யா" என்றாள். "சரிங்க" என்றேன், ரசீது வாங்கிக்கொள்பவனைப் போல. பிறகு அதைப் பாக்கெட் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். எதற்கு எழுதினேன்? மறந்துவிடுவேனா?

ஆட்டோவில் மேரி கேட்டாள், "எவ்ளோ நாள் சொன்னா?" நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க சொல்லலன்னா கம்மின்னு அர்த்தம்" என்றாள். சிக்னல் தாண்டியதும், "மெரினுக்கு இப்ப சொல்லாதீங்க. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவா."

19 அக்டோபர், ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க என்னால் ஆகவில்லை.

நியூஜெர்சியில் அப்போது காலை. மெரின் அழுதாள். பிறகு நிதானமாகிப் பேசினாள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா முடிந்து ஒரு வருடம் ஆகிறது. அங்கேயே இருக்கும்வரை வேலைக்கு இடைஞ்சல் இல்லை. நாட்டைவிட்டு வெளியே வந்தால், சென்னையில் நேர்காணலுக்குப் போய்ப் புது விசா வாங்கினால்தான் மறுபடி உள்ளே போக முடியும். மாப்பிள்ளை லூர்துபிரகாஷ் அங்கே தங்கியிருப்பதே அவள் வேலையின் பேரில். அது போனால் குடும்பமே கிளம்ப வேண்டும். பையன் ஏரன் மட்டும் அங்கே பிறந்தவன், அவனை யாரும் போகச் சொல்ல முடியாது. ஐந்து வயது.

"அப்பா, நீங்கதான் தினம் அந்த ஊரு சட்டம் படிக்கிறீங்களே. நான் வந்தா திரும்பிப் போயிடலாமா? வக்கீலு 'உங்க இஷ்டம்'னு கைய விரிக்கிறார். நீங்க சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

23 அக்டோபர்

தாளில் நடுவே கோடு. இடப்பக்கம் "வரலாம்", வலப்பக்கம் "வேண்டாம்". கையில் இருக்கும் கட்டுரைகளை எல்லாம் மறுபடி திறந்தேன். தெளிவில்லாத சட்டத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியது அரசுத் துறையா, நீதிமன்றமா? நாற்பது வருடம் ஒரு மாதிரி இருந்ததை உச்ச நீதிமன்றம் போன வருடம் மாற்றிவிட்டது. அதைப் பற்றி மட்டும் பதினான்கு கட்டுரை. அங்கே பிறக்கும் எல்லாக் குழந்தையும் குடிமகனா என்பதற்கு 1868-இன் அகராதிகளைப் புரட்டுகிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஒரு சொல்லைப் பற்றி அவ்வளவு உறுதி. சென்னையில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விசா அதிகாரி மெரினை என்ன செய்வார் என்பது ஒரு குறிப்பிலும் இல்லை.

இடம் ஒன்பது. வலம் ஒன்பது.

மேரி எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பாத்துட்டுப் போயி நாலு மாசம் கழிச்சி பதில் போட்ட ஆளாச்சே. அப்பவும் இப்படித்தான் கோடு போட்டீங்களா?"

போட்டேன். இத்தனை வருடம் சொன்னதில்லை.

"வலது பக்கம் என்னா எழுதனீங்க?"

"உயரம் கொஞ்சம் ஜாஸ்தின்னு."

சிரித்தாள். வலி வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

27 அக்டோபர், திங்கள்

க்சாவியே மேரியைப் பார்க்க வந்தான். அடுத்த வீதி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா, பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். மேசை மேலிருந்த தாளைப் பார்த்துவிட்டான்.

"முசியே, இன்னுமா படிக்கிற? உங்கப்பாரும் படிச்சாரே."

அவன் சொன்னது 1962-ஐ, பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை முறைப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த வருடம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. க்சாவியேயின் அப்பா முதல் வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். என் அப்பா கோர்ட்டில் எழுத்தர். ஒப்பந்தத்தின் பிரதியை வாங்கிவந்து ஷரத்து ஷரத்தாகப் படித்தார். சந்தேகங்களை ஓரத்தில் குறித்தார். குறித்து முடிப்பதற்குள் ஆறு மாதம் முடிந்துவிட்டது. வேண்டாம் என்றும் அவர் முடிவு செய்யவில்லை, அதுதான்.

"உங்க வூட்ல படிச்சி முடிக்கறதுக்குள்ள கப்பல் பூடும்பா" என்று முதுகில் தட்டினான். உள்ளே மேரியும் சிரித்தது கேட்டது.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் அப்பா கல்லறைக்கு மாலை, மெழுகுவத்தி. மேரி வராத முதல் வருடம். பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கண் அளந்தது. சீ, என்ன மனுஷன் நான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மெரினைக் கூப்பிட்டேன்.

"வாம்மா."

"எல்லாம் பாத்துட்டீங்களாப்பா?"

"பாத்துட்டேன். வா."

தாளில் இன்னும் ஒன்பதுக்கு ஒன்பதுதான்.

12 நவம்பர்

டிக்கெட் போட்டாகிவிட்டது. டிசம்பர் 10 காலை வருகிறாள். 17 சென்னையில் நேர்காணல். ஜனவரி 4 திரும்புகிறாள். தேதிகளை மேரி இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

21 நவம்பர்

விசா கட்டுரையை முடித்து அனுப்பினேன். ஏழு பிழை. மேரி முப்பத்தெட்டு கிலோ.

5 டிசம்பர், வெள்ளி

இணையத்திலிருந்து எடுத்த எதையும், கடைசியாக என்றைக்குப் பார்த்தோம் என்று தேதி போடாமல் அச்சுக்கு விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இன்று மறுபடி விசா அறிவிப்புகளைத் திறந்தேன். புதிதாக ஒன்று இருந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து வேலை விசா கேட்பவர்களின் இணையப் பதிவுகளையெல்லாம் பரிசீலிப்பார்களாம். இதனால் இந்தியாவில் நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம் என்று ஒரு வக்கீல் எழுதியிருந்தார்.

பதினைந்து. மெரினுக்குப் பதினேழு. இன்னும் அவள் விமானம் ஏறவில்லை. இன்று சொன்னால் நிறுத்திவிடலாம்.

போனை எடுத்தேன். உள்ளே, ஒத்தாசைக்கு வரும் அஞ்சலாட்சி மேரிக்குத் தலை கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லா தேச்சி ஊத்துடி. எம்பொண்ணு கட்டிப்புடிச்சா மருந்து நாத்தம் அடிக்கக் கூடாது" என்றாள் மேரி. "இன்னும் அஞ்சு நாளு கெடக்குதேம்மா, அதுக்குள்ள இன்னொரு வாட்டி ஊத்திடலாம்" என்றாள் அஞ்சலாட்சி.

போனைக் கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டேன். ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

6 டிசம்பர்

சொல்லவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

மெரின் பேசினாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "எதனா புதுசா இருக்காப்பா?" என்றாள். "அம்மா அப்படியேதாம்மா இருக்கா" என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

தள்ளிப் போகலாம் என்றுதானே எழுதியிருந்தார். போகும் என்று இல்லையே. இப்படி ஒரு வாதத்தை எந்தக் கட்டுரையிலாவது பார்த்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

10 டிசம்பர், புதன்

வந்துவிட்டாள். மேரி அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "என்னாடி இப்படி இளைச்சிக் கெடக்கற" என்றாள்.

மத்தியானம் இருவரும் ஒரே கட்டிலில் தூங்கினார்கள். நான் வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

12 டிசம்பர், வெள்ளி

மின்னஞ்சல் வந்துவிட்டது. நேர்காணல் பதினேழு இல்லை, ஏப்ரல் 21. மெரின் அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கஞ்சி வடிக்கப் போனாள். "அடடா, இப்படிப் பண்ணிட்டாங்களே" என்றேன். வியப்பு நன்றாகவே வந்தது. எழுபத்து மூன்று வயதில் நடிக்கக் கற்றுக்கொண்டேன்.

மேரியிடம் லீவு நீட்டித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

25 டிசம்பர்

நற்கருணை வீட்டுக்கே வந்தது. விழுங்க முடியவில்லை. அரைக் கரண்டித் தண்ணீரோடு.

9 ஜனவரி 2026, வெள்ளி

காலை ஆறு இருபதுக்கு மேரி போய்விட்டாள். மெரின் மடியில்.

13 ஜனவரி

அடக்கத்தை மாப்பிள்ளை போனில் பார்த்தார். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, அங்கே விடிவதற்கு முன், பையனை எழுப்பாமல்.

என் துணிகளை மடிக்கத் தெரியவில்லை. மடித்தால் அவள் மடித்ததுபோல் நிற்கவில்லை.

27 ஜனவரி, செவ்வாய்

மெரினுக்கு வேலை போய்விட்டது. இந்தியாவிலிருந்து இதற்குமேல் வேலை பார்க்க விடமுடியாது, இடத்துக்கு ஆள் வேண்டும் என்றார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். லூர்துவுக்கு அறுபது நாள் கெடு. அதற்குள் கிளம்ப வேண்டும். பதினோரு வருட வாழ்க்கையைப் பெட்டியில் போட அறுபது நாள். போனில் அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "சரி, பாத்துக்கலாம் மெரின். நீ அழுவாத" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

3 பிப்ரவரி

சுலோசனா புதுக் கட்டுரை அனுப்பினாள். "முடியலன்னா விட்டுடுங்க சார், வேற ஆளுக்குப் போட்டுக்கறேன்" என்றாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் வேறு என்ன செய்வது?

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எப்போது குற்றமாகும் என்பது பற்றி. அமெரிக்கச் சட்டம் பொதுவாக யார்மீதும் பேசும் கடமையைச் சுமத்துவதில்லை. சுமத்த வேண்டுமா என்று பல தலைமுறையாகச் சண்டை. ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற ஓர் இடம் உண்டு. நீ சொன்னதை நம்பி ஒருவர் ஒரு காரியத்தில் இறங்கப் போகிறார். நீ சொன்னது இனி சரியில்லை என்று அதற்குள் உனக்குத் தெரியவருகிறது. அப்போது வாய் திறந்தாக வேண்டும். நூற்றெட்டாவது குறிப்பு.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்கோள் உள்ளபடியே இருக்கிறது. பக்க எண் சரி.

18 பிப்ரவரி, சாம்பல் புதன்

கோயிலிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். மெரின் நெற்றியில் சாம்பலோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "டிசம்பர் அஞ்சாந்தேதியே அந்த விசா அறிவிப்பப் பாத்துட்டேன்மா. உனக்குச் சொல்லல. அம்மாவுக்காகன்னு சொல்லிக்கலாம். ஆனா..."

அவள் குழாயை மூடவில்லை.

"நான் நாலாந்தேதியே பாத்துட்டம்பா."

புரியவில்லை.

"ஆபீஸ்ல எல்லாரும் அதையேதான் பேசிக்கினு இருந்தாங்க. நீங்க எங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்துகினேதான் அன்னிக்குக் கேட்டேன். சொல்லியிருந்தீங்கன்னா நான் நின்னுருக்கணும். நீங்க சொல்லல. கெளம்பிட்டேன்."

ஒரு தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள். துடைத்து வைத்தேன். இன்னொன்று கொடுத்தாள்.

"லூர்துக்குத் தெரியாது. அவர் அந்த மாசம் முழுக்க ராத்திரி ஷிப்டு, நியூஸே பாக்கல. தெரிஞ்சிருந்தா போவாதன்னிருப்பார். சொல்லிடாதீங்கப்பா."

சொன்னால் பாரம் பாதியாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. இரண்டு பேரிடமும் முழுசாக இருக்கிறது.

28 மார்ச், சனி

சென்னை விமான நிலையம். நானும் மெரினும் போயிருந்தோம். லூர்து பெரிய பெட்டி ஆறு தள்ளிக்கொண்டு வந்தார். முன்பக்கம் முடி நரைத்திருக்கிறது. ஏரன் என்னைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்து அம்மா காலைக் கட்டிக்கொண்டான். எத்தனை நாள் இங்கே இருப்போம் என்று கேட்டானாம்.

லூர்து வண்டியை விட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தைய கடைசியா பாக்க முடியல மாமா. மெரினாவது கூட இருந்தாளே. நீங்க மனசுல எதையும் வெச்சிக்கினு கஷ்டப்படாதீங்க. நீங்க எல்லாத்தையும் படிச்சிப் பாத்துதான வரச் சொன்னீங்க. இப்படி ஆவும்னு அன்னிக்கி யாருக்குத் தெரியும்?"

மெரின் குனிந்து பையனின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிமிரவில்லை.

"வண்டி அந்தப் பக்கம் நிக்குது மாப்பிள்ளை" என்றேன்.