நீ கிழித்துக் கொடுத்த காகிதங்கள்

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. இன்று காலை கைவேலை அறையின் அலமாரியைத் திறந்தேன். நமுத்துப்போன காகித வாசனையும், கிராம்பு எண்ணெய் கலந்த மைதாப் பசையின் வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. பசையில் பூச்சி வராமலிருக்க அந்த எண்ணெயில் நாலு சொட்டு விடச் சொன்னது நீ. நீ இருந்திருந்தால் முதலில் ஜன்னலைத் திறந்திருப்பாய். நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அப்புறம்தான் திறந்தேன்.

தாள்களையெல்லாம் மொட்டை மாடியில் விரித்துக் கல் வைத்திருக்கிறேன். கடல் காற்று இன்னும் அடங்கவில்லை. பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நாற்காலி போட்டு உட்கார்ந்தவளுக்கு, சும்மா இருப்பதற்கு உனக்கு எழுதலாமே என்று தோன்றியது.

கல்லூரி அலுவலகத்தில் தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருஷம் நாம் பக்கத்துப் பக்கத்து மேசை. கேள்வித்தாள் உறைகளை மடித்து அரக்கு வைப்பது உன் வேலை. உன் உறைகளின் நாலு மூலையும் கத்தி மாதிரி இருக்கும். பிரிக்க மனசே வரவில்லை என்று கண்காணிப்பாளர் சொல்வார். பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாய வீட்டுப் பெண் நான். உன் அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. உங்கள் வீட்டில் காலையில் ரொட்டி, எங்கள் வீட்டில் பழையது. அது தவிர நமக்குள் பெரிய வித்தியாசம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். இரண்டு மாதம் கழித்து, வாய்க்கால் ஓரத்து உன் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து உழவர்கரைக்கு என்னைப் பார்க்க வந்தாய்.

"வீட்ல உக்காந்து இன்னாடி பண்ற?" என்று கேட்டாய்.

"துணி மடிக்கிறேன்."

"நானும் அதான் பண்றேன்."

சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாய். மகன் வேலைக்குப் பெங்களூர் போனபின் அவன் அறையில் ஓடாத மிக்சி, கிழிந்த பாய், பழைய சூட்கேஸ்கள் என்று வேண்டாததெல்லாம் குவிந்திருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரூம காலி பண்ணு கலா. நமக்கு வேணும்" என்றாய். எதற்கு என்று கூட நான் கேட்கவில்லை.

மூன்று நாளில் அந்த அறை வேறு அறை ஆனது. காகிதத்தை நிறுத்தி வைக்காமல் படுக்கப்போட்டே அடுக்க வேண்டும் என்றாய். நிறுத்தினால் நம்ம ஊர் ஈரத்தில் முதுகு வளைந்துவிடும். தினமும் எடுக்கிற பொருள் இடுப்புக்கு மேல், கண்ணுக்குக் கீழ். கத்தரி, கட்டர், ஸ்கேல் எல்லாவற்றையும் ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் சுவரில் அதன் உருவத்தை வரைந்தாய். எது திரும்பி வரவில்லை என்று சுவரே காட்டிக்கொடுத்துவிடும். "எடுக்கறது பெருசில்ல, திருப்பி வெக்கறதுதான் வேல" என்பாய்.

ஊரில் கையால் காகிதம் செய்யும் இடத்தில் வெட்டுத் துண்டுகளை மூட்டையாகத் தருவார்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவோம். அதில்தான் பிறந்தநாள் அட்டை, சின்ன நோட்டு, குழந்தையின் பெயர் எழுதிய தொங்கல், கிறிஸ்துமஸ் குடிலுக்குக் காகித ஆடுமாடு எல்லாம் செய்தோம். தெரிந்தவர் வீட்டு விசேஷம் எதற்கும் நாம் கடையில் பரிசு வாங்கியதில்லை. நீ வெட்டுவாய், நான் ஒட்டுவேன்.

பிறகு என் மகன் கல்யாணம் வந்தது. தாம்பூலத்துக்கு இருநூற்றைம்பது காகிதப் பெட்டிகள் நாமே செய்வது என்று முடிவு. சம்பந்தி வீட்டார் பெரிய இடம். எனக்குப் படபடப்பு. நீ வெட்டிக் கொடுத்த முதல் முப்பது பெட்டியில் ஒரு மூடிகூடச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளப்பு. மறுநாள் வெட்டியதும் அப்படித்தான். அன்று என் நாத்தனாரும் அறையில் இருந்தாள். அவள் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. என் புள்ள கல்யாணம்னா உனக்கு அவ்ளோ அலட்சியமா?" என்று கேட்டுவிட்டேன்.

நீ கட்டரை அதன் ஆணியில் மாட்டினாய். மாட்ட இரண்டு தடவை முயன்றாய். அதை நான் பார்த்தேன், கோபத்தில் வைக்கிறாய் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிப் போனாய். பத்து நாள் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. தப்பு செய்தவள் அவள், அவளே பேசட்டும் என்று இருந்தேன்.

பதினோராம் நாள், ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். வலது கையை இடது கையால் மடியில் பொத்தி வைத்திருந்தாய், குருவியைப் பிடித்து வைத்திருப்பவள் மாதிரி. பக்கத்தில் உன் வீட்டுக்காரர் கையில் சீட்டு. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனார்.

"எப்பத்துலேந்து?" என்றேன்.

"ஒரு வருஷமாச்சு. நடுக்குவாதம்னு சொல்றாங்க."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? கட்டர புடுங்கி வெச்சிட்டு, நாற்காலில உக்கார வெச்சி டீ குடுப்ப. எனக்கு டீ வேணாம் கலா. வேல வேணும்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "கல்யாணத்துக்கு முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு. ஒரு பொட்டிகூட முடியல. நாளைக்கு வா" என்றேன்.

"இந்தக் கையோடவா?"

"அந்தக் கையையும் எடுத்துக்கிட்டுதான் வா."

மறுநாள் நீ வருவதற்குள் அறையை மாற்றி வைத்தேன். கைப்பிடி உள்ள நாற்காலி போட்டேன். இறுக்கமான மூடி போட்ட டப்பாக்களையெல்லாம் எடுத்துவிட்டு அகலக் கூடைகள் வைத்தேன். நீ உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாய்.

"கட்டர எங்க ஒளிச்ச?"

"ஒளிக்கல."

"செவுத்துல படம் மட்டும் இருக்குதே!"

கொண்டுவந்து மாட்டினேன். ஆனால் நீ அதைத் தொடவில்லை. பசை தடவுகிறேன் என்று பிரஷை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாய். கை உதறியதில் தண்ணீர் ஒரு முழுத் தாளின் குறுக்கே கோடாகச் சிந்தியது. "சனியன்!" என்று தாளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாய். நனைந்த கோட்டிலேயே தாள் இரண்டாகப் பிரிந்தது. தூக்கிப் போடப் போனவள் நின்று, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய்.

"கலா, இங்க பாரு."

கிழிந்த ஓரம் மெத்தென்று நார்நாராக, கரையில் ஒதுங்கிய நுரை மாதிரி இருந்தது. கட்டரால் வெட்டிய எந்த ஓரமும் அத்தனை அழகாக இருந்ததில்லை. அன்று மாலைக்குள் முறை தெரிந்துவிட்டது. பிரஷால் தண்ணீர்க் கோடு போட வேண்டும். இருபது எண்ண வேண்டும். பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். உன் கை ஆட ஆடக் கோடு நெளியும். நெளிய நெளிய ஓரம் இன்னும் நன்றாக வரும். பெட்டி யோசனையை விட்டுவிட்டோம். தாளை மூன்றாக மடித்து, கிழிந்த ஓரம் மேலே தெரிய, மஞ்சள் நூல் கட்டிய உறைகளாகச் செய்தோம். நீ கிழித்தாய், நான் மடித்தேன்.

நூறு உறையைத் தாண்டிய ஒரு நாள் தலை நிமிராமலே சொன்னேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு."

"ஆமா, தப்புதான்" என்றாய். "வீட்டுக்குப் போயி அழுதேன்." ஒரு தாளைக் கிழித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "ஆனா ஒண்ணு. வியாதின்னு தெரிஞ்ச நாள்லேந்து வீட்ல எல்லாரும் எங்கிட்ட மெதுவாவே பேசறாங்க. நீ ஒருத்திதான் நல்லா வேல செய்யத் தெரிஞ்சவள திட்டற மாதிரி திட்டுன. அதுவும் வேண்டியிருந்துது." நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த உறையை எடுத்தேன்.

கல்யாண மண்டபத்தில் சம்பந்தியம்மா உறையைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்து, "இது எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"கடையில கெடைக்காதும்மா. இதுக்குக் கை நடுங்கணும்."

சொல்லிவிட்டு வலது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாய். முதலில் நீயே சிரித்தாய், சம்பந்தியம்மாவும் சிரித்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி அத்தனை பேர் இருக்க நீ அந்தக் கையை மறைக்காமல் வைத்திருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அதன்பிறகு மூன்று வருஷம் நமக்கு நன்றாகவே போனது. கடைசி வருஷம் உன்னால் தாளைப் பிடிக்க முடியவில்லை. அப்போதும் வந்தாய். நாற்காலியில் உட்கார்ந்து எனக்காக எண்ணினாய். "பதினெட்டு, பத்தொம்போது, இருவது, இழு." குரல் தணிந்துகொண்டே வந்தது. போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஒன்பதாம் நாள் உன் மகள் போன் செய்தாள்.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை செய்யச் சொல்லிக் கேட்டது அவள்தான். உட்கார்ந்தேன். கோடு போட்டேன், எண்ணினேன், இழுத்தேன். ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தது. வேண்டுமென்றே பிரஷை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டினது ஆட்டினது மாதிரியேதான் தெரிந்தது. அன்றைக்கு என் கை நடுங்கவே இல்லை. அப்படியே கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் எதிர்வீட்டுச் சாந்தி வருகிறாள். உனக்கு அவளைத் தெரியாது. நாற்பத்தைந்து வயசு, கலகலப்பானவள், தையல் தெரிந்தவள். பொங்கலுக்குப் பரிசுப் பைகள் செய்கிறோம். போன வாரம் அவள் மடித்ததெல்லாம் கோணல். சொல்லிக் கொடுத்தும் மறுபடி கோணல். எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டதை அவளிடம் கேட்டேன்.

"இன்னா ஆச்சு சாந்தி? உடம்புக்கு எதாச்சும் பண்ணுதா?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கிட்டக்க இருக்கறது மங்கலா தெரியுதுக்கா. ஊசியில நூலுகூட கோக்க முடியல. கண்ணாடி போட்டா கெழவி மாதிரி இருக்கும்னு யார்கிட்டயும் சொல்லல."

என் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினேன். காகிதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அட, கோடு இங்கயா இருக்குது!"

அவள் சிரித்தாள். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. நாளை காலை அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.