நீ கேட்ட பான்கேக்

கொத்தமல்லித் தழையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போடும் என் நந்துவுக்கு,

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் எங்கே ஒளித்து வைப்பேன் என்று தெரியவில்லை.

வகுப்பில் உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் இரண்டு வாய்தான் இறங்குகிறது. இதெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. நாளைக் காலையில் உங்கம்மாவைக் குண்டடத்துக்கு, அவங்க பிறந்த வீட்டுக்கு, அனுப்பப் போகிறார்கள். திரும்பி வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நந்து, அது என்னால்.

அந்தச் சட்டையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உங்கப்பா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த செகண்ட்ஸ் சட்டை. கழுத்துத் தையல் கோணியதால் கப்பல் ஏறாமல் நின்றுவிட்டது. அமெரிக்காவில் ஏதோ ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு தூங்கியிருக்க வேண்டியது. நெஞ்சில் தடித்த குட்டித் தோசை மாதிரி ஐந்து பான்கேக் ஒன்றன்மேல் ஒன்றாக, உச்சியில் சதுரமாக ஒரு வெண்ணெய்த் துண்டு, ஓரமெல்லாம் வழிகிற பழுப்புப் பாகு. "திங்கறத நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத் தூங்கறாங்க பாரு. நாம இட்லிப் படம் போட்டுக் குடுத்தா எவனாச்சும் வாங்குவானா?" என்று நீ கேட்டாய். அன்றிலிருந்து உங்கம்மா போனில் அந்த ஊர்ச் சமையல் பார்ப்பதே நமக்கு வேலையாகிவிட்டது.

அதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே சொன்னேன். ஆறின பாலில் பொரியைக் கொட்டியது மாதிரி ஒன்று, அதுதான் காலைச் சாப்பாடாம். முழுக் கோழியைச் சூட்டடுப்பில் வைத்து எடுக்கிறார்கள், தொட்டுக்கொள்ள ஒரு குழம்பு இல்லை. எனக்குப் புளி வேண்டும், வரமிளகாய் வேண்டும், எங்கம்மாவின் கருவாட்டுக் குழம்பு மூக்கில் நீர் வரவைக்க வேண்டும். நீ நேர்மாறு. அரிசிம்பருப்புச் சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றினால் போதும் உனக்கு. மிளகாய் கண்ணில் பட்டாலே தண்ணீர்ச் சொம்பைத் தேடுவாய். "நா அமெரிக்காவுல பொறக்க வேண்டியவ. செகண்ட்ஸ்னு இங்க தள்ளிட்டாங்க" என்பாய். நான் எத்தனை முறை சிரித்திருப்பேன்.

ஒருநாள் தோசைக்காகச் சண்டை போட்டோமே. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தால்தான் ருசி, பான்கேக் மாதிரி அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது வேர்த்துப் போகும், அது ஒரு சாப்பாடா என்றேன். நீ வீடியோவை நிறுத்தி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினாய்.

"அடுக்கி வெச்சாத்தான் அவங்கம்மாவும் கூட உக்காந்து திங்க முடியும். என்ற அம்மா என்னைக்காச்சும் சூடா ஒரு தோசை தின்னு பாத்திருக்கறயா நீ?"

எங்கம்மாவும் கடைசியில் கல்லடியில் நின்றுகொண்டே தின்பவள்தான்.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளானதும் உன் அத்தை ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார். உங்கப்பா தன் அக்கா பேச்சைத் தாண்டமாட்டார். காலையில் பச்சிலைச் சாறு, மற்ற வேளைக்கு உப்பில்லாத மோர்ச் சோறு. எண்ணெய், நெய், புளி, காரம் எதுவும் ஆகாது, பத்தியம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று உங்கம்மா இரண்டு தடவை கேட்டது எனக்குத் தெரியும். ஊசி போட்டால் காமாலை தலைக்கேறிவிடும் என்று உன் அத்தை அடக்கிவிட்டார்.

மூன்றாவது வாரம் நான் பார்க்க வந்தபோது நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய். சட்டை தொளதொளத்தது. உன் கை என் கையைப் பிடித்ததில் எலும்புதான் பட்டது. "ரோசி, ஒரே ஒருக்கா இதத் தின்னு பாத்தரணும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். நான் மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை?

சனிக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மைதா, முட்டை, பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. முதலாவது தோசைக்கல்லில் ஒட்டிக் கருகிப் போனது. அடுத்தது வீடியோவில் வந்த மாதிரியே உப்பி எழுந்தது, நந்து. அந்த ஊரில் மரத்திலிருந்து எடுக்கிற பாகுக்கு நான் எங்கே போவேன்? நாட்டுச் சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றினேன். பேக்கரியில் வாங்கிய வெண்ணெயைச் சதுரமாக வெட்டி மேலே வைத்தேன். மூன்றை அடுக்கி, எங்கம்மா டிபன் பாக்ஸில் மூடி, நீ தனியாக இருந்த நேரம் பார்த்துக் கொண்டுவந்தேன்.

நீ இரண்டு தின்றாய். மூன்றாவதை உன் நோட்டுத் தாளில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தாய். யாருக்கு என்று கேட்டேன், சொன்னாய். அதற்குள் கேட் சத்தம் கேட்டது. நான் பின்வாசலால் ஓடிவிட்டேன். பாக்ஸ் கட்டிலடியில் தங்கிவிட்டது.

ஞாயிறு நீ வாந்தி எடுத்தாய். திங்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே போயிருந்தவர் எங்கப்பா. ஈரல் ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது, ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். அப்படியென்றால் நான் கொல்லவில்லையா? நான் கொடுத்த மறுநாள்தானே வாந்தி எடுத்தாய்? யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தலில் இருக்கும்போது, உன் அத்தை அந்தத் தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். உன் படுக்கையை எடுக்கும்போது கிடைத்ததாம். எறும்பு மொய்த்திருந்தது. வெண்ணெய் தாளில் ஊறிப் படர்ந்திருந்தது. பத்தியத்தில் கிடக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கம்மா தலையைத் தூக்கவில்லை. "நாந்தானுங்க சுட்டுக் குடுத்தேன். புள்ள ஆசப்பட்டுக் கேட்டுது."

உன் அத்தை என்னென்ன சொன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெத்தவளே பிள்ளையை முழுங்கிட்டாள் என்றதை மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து உங்கப்பா உன் அத்தை கையால்தான் சாப்பிடுகிறார். உங்கம்மா போட்டு வைக்கிற தட்டு அப்படியே இருக்குமாம்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லட்டுமா? எனக்குத் தெரியாமல் உங்கம்மாவும் ஏதோ செய்து கொடுத்திருக்கலாம், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க அது நிஜம் மாதிரியே ஆனது. இரண்டு இரவு நன்றாகக்கூடத் தூங்கினேன்.

இன்று சாயங்காலம் உங்கம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். முந்தானைக்குள் எங்கள் டிபன் பாக்ஸ். மூடியில் எங்கம்மா பேர் வெட்டியிருக்கிறது, உனக்குத்தான் தெரியுமே. இந்த வீரபாண்டியில் மரியபுஷ்பம் என்று வேறு யார் இருக்கிறார்கள்? கட்டிலடியில் இதை முன்பே எடுத்து ஒளித்திருக்கிறார்; பந்தலில் உட்கார்ந்திருந்தபோதே அவருக்குத் தெரியும், நந்து. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைத் தெரிந்தேதான் அப்படிச் சொன்னார்.

"உங்கூட்டு டப்பா எங்கூட்ல கெடந்துது கண்ணு" என்று நீட்டினார். நாளைக்கு ஊருக்குப் போவதையும் சொன்னார். நான் அழுவேன் என்று நினைத்தேன், அழுகைகூட வரவில்லை. அவர் குனிந்து, மெதுவாக, ஒரே ஒன்று கேட்டார்.

"நல்லாத் தின்னாளா?"

உள்ளேயிருந்து எங்கம்மா, "யாருட்டி வாசல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உங்கம்மா எங்கம்மாவிடம் போயிட்டு வாறேனுங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நான் ஒரு தலையாட்டல்கூடக் காட்டவில்லை.

பாக்ஸைத் திறந்தேன். தேய்த்துக் கழுவி, துடைத்து, உள்ளே ஒரு கைப்பிடிச் சர்க்கரை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று. இந்த நிலைமையிலும், எனக்கு.

எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பெனியில் எங்கப்பாவுக்குத் தையல் மிஷின் கொடுத்தவர் உங்கப்பா. எங்கம்மாவைத் துணி பார்த்துப் பிரிக்கிற செக்கிங்கில் சேர்த்ததும் அவர்தான். நான் வாயைத் திறந்தால் இருவரும் வேலையில்லாமல் நிற்கலாம். எங்கப்பா என்னை அடித்ததில்லை, நாளைக்கு அடிப்பார். உன் அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். கொலைகாரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல எனக்கே தைரியம் இல்லை. எல்லாம் சொன்னாலும் நீ வரப்போவதில்லை. சொன்னால் உங்கப்பா அந்தத் தட்டைத் தொடுவாரா? அதுவும் தெரியவில்லை.

ஆனால் மூன்றாவது பான்கேக் யாருக்கு என்று நீ சொன்னது என் ஒருத்திக்குத்தான் தெரியும். "அம்மா வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து, எங்கூட உக்காந்து திங்கட்டும்" என்றாய். அவருக்காக நீ எடுத்துவைத்ததைக் காட்டித்தான் அவரை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள்.

குண்டடம் பஸ் ஏழு மணிக்கு. விடிந்ததும் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், நந்து. உங்கப்பா, உன் அத்தை இருவர் முன்னாலும் நின்று, நான்தான் சுட்டேன், நான்தான் கொடுத்தேன் என்று சொல்கிறேன். அப்புறம் உங்கம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்: நல்லாத் தின்னா. முதலாவதை மெதுவாக, இரண்டாவதை அவசரமாக. வெண்ணெய் முழங்கை வரை வழிந்தது, அதையும் விடவில்லை. மூன்றாவதை உங்களுக்கென்று எடுத்து வைத்தாள்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்ததால் நீ அவ்வப்போது கிண்டலாக அக்கா என்று கூப்பிட்ட,
உன் அக்கா ரோசி