ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கச் சுவிட்ச்

ஈயம் உருக்கி மூன்று உலகங்களையும் பாடவைத்த என் அன்பு மாப்பிள்ளை அந்தோணிக்கு,

நீ இருக்கும் இடத்தில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா? இங்கே ராயபுரத்தில் உன் மச்சான் நான் ஒரு சரித்திரச் சாதனை செய்துவிட்டேன். நீ கட்டிய ஆம்ப்ளிஃபையரை, உன் வரைபடத்தையே வைத்துக்கொண்டு, புதிதாகக் கட்டிவிட்டேன். பழையதை உப்புக்காற்று தின்றுவிட்டது. திறந்தபோது கொட்டிய துருவில் ஒரு கப்பலே செய்திருக்கலாம்.

கட்டச் சொன்னவள் உன் மனைவி, என் தங்கை ரெஜினா. "அண்ணா, அவரு பொட்டி மாதிரியே இருக்கணும். இல்லேன்னா ரெண்டையும் காயலான் கடைல போட்டுட்டு வந்துகினே இருப்பேன்" என்றாள். நீ கண்மூடிய பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அன்றைக்கே பற்றவைக்க உட்கார்ந்துவிட்டேன்.

புது டிரான்சிஸ்டர்கள் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மரோ, அத்திப்பட்டு அனல்மின் நிலையமே இரவல் கேட்கும் அளவு. ஒன்று மட்டும் புரியவில்லை. வெளி ரேடியோ அலைகள் உள்ளே நுழையாமல் தடுக்க ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறாய், சரி. அதைத் துண்டித்துவிடப் பின்பக்கம் எதற்கு ஒரு சுவிட்ச்? பேரறிஞனாகிய நான் சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டு, கெப்பாசிட்டரை நிரந்தரமாக்கினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவளை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். எண்ணூர்க் கழிமுகத்து இறாலெல்லாம் எழுந்து ஆடியிருக்கும் மாப்பிள்ளை! இவள் அசையவில்லை. எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள்.

"சுவிட்ச் இன்னா ஆச்சு?"

"அது வேஸ்ட்டும்மா. இப்ப ஒரு இரைச்சல் வருதா பாரு."

"வரலியே. அதான் கேக்கறேன். தம்பி லாஞ்சு எப்டி கேக்கும்?"

அப்புறம்தான் சொன்னாள். எங்கள் தம்பி ஆரோக்கியம் கடலில் இருக்கும்போது காற்று திரும்பினால், நீ பாட்டை நிறுத்திவிட்டு அந்தச் சுவிட்சைத் தட்டுவாயாம். காசிமேட்டு மீன்பிடி லாஞ்சுகள் ஒயர்லெஸ்ஸில் பேசுவது ஸ்பீக்கரில் கரகரவென்று வருமாம். அவன் குரல் வரும்வரை இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்களாம்.

"இன்னா பேசுவான்?"

"இன்னாத்த பேசுவான்? பீடி தீந்துச்சுன்னு பக்கத்து லாஞ்சுக்காரன திட்டுவான். அது போதாதா?"

நானும் அவனுக்கு அண்ணன்தானே மாப்பிள்ளை, எனக்கு ஏன் சொல்லவில்லை? ஊரெல்லாம் அளந்துவிடுவேன் என்றா? நியாயம்தான். ஆனால் அந்தக் குரல்கள் முதலில் தற்செயலாக நுழைந்தனவா, இல்லை, அவள் பயத்தைப் பார்த்து நீயே தேடிப் பிடித்தாயா?

இன்று காலை கெப்பாசிட்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. நான் செய்த உலகமகா இரும்புப் பெட்டி ரேடியோ அலைகளை என்ன, காற்றையே உள்ளே விடாது போலிருக்கிறது. மேல்மூடியைத் தூக்கினேன். கரகரப்புக்கு நடுவே எவனோ, "மாமு, அங்கயும் மீனு இல்லியா?" என்றான். ரெஜினா ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"மூடாதண்ணா! மூடாத!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி நேற்றுதான் கடலுக்குப் போயிருக்கிறான்.

நாளைக்குள் பெட்டியில் ஓட்டை போட்டு, சுவிட்ச் வைத்து, இந்த அற்புதமான ஆம்ப்ளிஃபையரை உன் அளவுக்குக் கெடுத்துவிடுகிறேன். இது சத்தியம்.

ரெஜினாவின் அண்ணன், உன் அன்பு மச்சான்,
சேவியர்