பதினொரு நிமிடம் கழித்துப் பாடத் தொடங்கும் தட்டு

என் ஆசை மச்சான் ஜெயம்,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்காதே. உன்னுடைய அந்த இங்கிலீஷ் இசைத்தட்டை நான் கேட்கிறேன். மூன்று கிழமையாக, வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய்க் கேட்கிறேன். நேற்றுத் தொழிற்சாலையில் நிலம் துடைக்கும்போது அந்த ஓர்கன் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு டெனிஷ்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான். இருபது வருடமாக உன்னைப் பகிடி பண்ணிய வாய் இது.

நாங்கள் வந்த புதிதில், அகதி முகாம் அறையில், நீ அதை முதன்முதலாகப் போட்ட நாள் நினைவிருக்கிறதா? பழைய சாமான் கடையில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து வந்திருந்தாய். அட்டையில் நடுக்கடலில் ஒரு கதிரை, அதில் உட்கார ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஓர்கன் அழுகிறது, புல்லாங்குழல் வருகிறது, மேளம் எங்கேயோ போய்த் திரும்பி வருகிறது. பாடுகிறவனை மட்டும் காணவில்லை.

"டேய், பாடுறவன் எங்கையடா? அவனுக்கும் விசா கிடைக்கேல்லையோ?"

"பொறு. பதினொரு நிமிசத்தில வருவான்."

"பதினொரு நிமிசத்தில எங்கட ஊரில தாலியே கட்டிப்போடுவினம்."

நீ கோபிக்கவில்லை. "இது வெளிவந்த நேரம் இங்கிலாந்துக்காரரே வாங்கேல்லையாம். பாவங்கள், நாங்களாவது கேப்பம்" என்றாய்.

அப்போதெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதுவதை விட, குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவதுதான் எங்களுக்குச் சுகம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய உதவி. நீ பதியும்போதெல்லாம் பின்னால் இந்தத் தட்டு ஓடும். உன் கடைசித் தங்கச்சி மலர் அதற்கு 'அண்ணையின்ர பாட்டு' என்று பெயரே வைத்துவிட்டாள். நீ கதைத்து முடிந்த பிறகும் கசெற்றை நிறுத்தாமல் கேட்பதாக எழுதியிருந்தாள். நான் அதற்கும் சிரித்தேன்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது மச்சான். இதை உனக்கு எப்படிச் சொல்வதென்று நாலு நாள் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எங்கள் சனம் கோப்பன்ஹேகன் தெருவில் நின்று கத்தி, தொண்டை கட்டி, பஸ்ஸில் திரும்பி வந்தது. அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போனோம். வேறென்ன செய்வது? இங்கே பிராண்டே ஊர்க் கடையில் ஆளை ஆள் கண்டால் வணக்கம் இல்லை. "ஏதும் தெரிஞ்சுதோ?" என்பதுதான்.

நீ தை மாதம் கண்ணை மூடியபோது வன்னிக்குத் தொடர்பு அறுந்திருந்தது. நீ இல்லை என்பது மலருக்குத் தெரியாது. மலர் இருக்கிறாளா என்பது எங்களுக்குத் தெரியாது. உன் மற்றத் தங்கச்சி, என்னைக் கட்டி மாரடிக்கிற தேவி, தொலைபேசியைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்புகிறாள். அவளைச் சிரிக்கவைக்க என்னிடம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

உன் வாடகை வீட்டுத் திறப்பைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்த நாளில் என் மகள்தான் தட்டையும் அதைப் போடுகிற பெட்டியையும் தூக்கி வந்து எங்கள் குசினியில் வைத்தாள். கம்பியூட்டரில் தேடியும் பார்த்தாள். அதில் வாசித்த பொடியள் நாலு பேரும் இந்த ஒரே தட்டோடு கலைந்து போய்விட்டார்களாம். இப்போதுதான் ஆட்கள் தேடித் தேடிக் கேட்கிறார்களாம். அந்த நாலு பேருக்கும் இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

செய்தி போட்டால் நானே நிறுத்திவிடுகிறேன். எங்கள் தமிழ்ப் பாட்டு எதைப் போட்டாலும் தேவி எழும்பிப் போகிறாள். இதற்கு மட்டும் அவள் எழும்பவில்லை. மேளக்காரன் ஏழு ஏழாக எண்ணுகிறான் என்று மேசையில் தட்டிக் காட்டுவாயே, அது இப்போதுதான் என் கைக்கு வந்தது. கோயில் தவிலில் கேட்ட கணக்குத்தானே! ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னாய்தான். நான் கேட்டால்தானே. பதினொரு நிமிடம் காத்திருந்தால் அவன் வந்து பாடுகிறான். இந்த வீட்டில் காத்திருந்து வந்தது என்றால் அது ஒன்றுதான்.

போன ஞாயிறு மத்தியானம் தட்டு ஓடிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது. நான் பாட்டை நிறுத்தப் பாய்ந்து ஒரு வயரைப் பிடுங்கினேன், பாட்டு நிற்கவில்லை. அதற்குள் தேவி எடுத்துவிட்டாள். அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, நான் மலர். நாங்கள் இருக்கிறம். பிள்ளையளும் இருக்கு. ஆமி அடைச்சு வைச்சிருக்கிற முகாமில. ஆரோ ஒராளின்ர போன், கெதியாய்த் திருப்பிக் குடுக்கவேணும்."

"சாப்பிட்டியளோ?" என்றாள் தேவி. நாலு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ.

"ஓம் ஓம்" என்ற மலர் சட்டென்று நின்றாள். "அக்கா, அது அண்ணையின்ர பாட்டெல்லே? அண்ணை அங்கை நிக்கிறாரே? கூப்பிடுங்கோ, ஒருக்கால் குரலைக் கேப்பம்."

தேவி என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கினேன்.

"அவர் குளிக்கிறார், பிள்ளை."

மலர் சிரித்தாள் மச்சான். அந்த இடத்தில் இருந்துகொண்டு சிரித்தாள். "இன்னும் அந்த ஒரு மணித்தியாலக் குளிப்போ அத்தான்? வாற ஞாயிறு எடுக்கப் பாக்கிறன். அண்டைக்குக் குளிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

பேச்சு அறுந்தது. சனமெல்லாம் இப்போது சொல்லாதே, அதுகள் முதல் வெளியில் வரட்டும் என்கிறது. எனக்கும் அதுதான் வசதி. தேவிதான் விடவில்லை.

"நாங்கள் அழுது முடிச்சிட்டம். அவள் தன்ர பங்கை அழவேண்டாமோ?"

"நீர் சொல்லுமன்."

"பொய் சொன்ன வாய்தான் சொல்லவேணும்."

சரியான பேச்சு. நாளைக்கு ஞாயிறு. அவள் எடுத்தால், தட்டைப் போடாத வீட்டிலிருந்து, ஒளிக்காமல் நானே சொல்கிறேன். இது உனக்குத் தருகிற வாக்கு. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்று. பாட்டை நிறுத்த அன்று நான் பிடுங்கிய வயர் பிறீசருடையது. புதன்கிழமைதான் கண்டோம். பாரை மீன், இறால், ஒரு பெட்டி ஐஸ்கிரீம், எல்லாம் உருகி நாறிவிட்டது. யன்னல்கள் திறந்திருக்கின்றன.

உன் தங்கச்சியின் புருசன்,
உன் மச்சான் குணம்,
பிராண்டே.